வேர்ட்பிரஸ் பின்னால், ரியாக்ட் முன்னால்: ஒரு நெல் விதைப் பட்டியலைக் கட்டிய அனுபவம்

திருவாரூர்ப் பக்கம் பாரம்பரிய நெல் விதைகளைப் பாதுகாத்து, கேட்டு வருபவர்களுக்குக் கொடுத்து வாங்கும் சிறு குழு ஒன்று இருக்கிறது. எல்லாரும் விவசாயிகள். ஒருங்கிணைக்கிற அக்கா மட்டும் பள்ளி ஆசிரியை. நான்கு வருடமாக ஒவ்வொரு ரகத்தைப் பற்றியும் அவர்தான் வேர்ட்பிரஸில் (இணையதளத்தில் பதிவு எழுதி வெளியிட உதவும் மென்பொருள்) எழுதி, வயலில் எடுத்த படங்களோடு ஏற்றி வந்தார். வேலை என்னிடம் வந்தபோது 134 ரகங்கள் சேர்ந்திருந்தன. பூங்கார், காட்டுயானம், கருப்பு கவுனி, மாப்பிள்ளை சம்பா, அறுபதாம் குறுவை என்று படித்துக்கொண்டே போகலாம். ஆனால் தேட முடியாது. பக்கத்துக்குப் பத்துப் பதிவு, கீழே ‘அடுத்த பக்கம்’, அவ்வளவுதான்.

வயலில் நிற்கிறவருக்கு வேண்டியது வேறு. டெல்டாவுக்காக மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் தள்ளிப்போனால் கணக்கு எல்லாமே தள்ளிப்போகும். இன்றைக்கு விதைத்தால் எது எப்போது அறுவடைக்கு வரும்? பள்ளத்து வயலில் தண்ணீர் நின்றால் எது தாங்கும்? வைக்கோல் நிறைய வேண்டும் என்றால் எது உயரமாக வளரும்? இதையெல்லாம் நாலைந்து தட்டலில் பார்க்க வேண்டும். தட்டுகிற ஒவ்வொரு முறையும் பக்கம் முழுக்க மறுபடி இறங்கினால் வரப்பில் கிடைக்கிற சிக்னலுக்குத் தாங்காது. பட்டியலை ஒரு தடவை இறக்கிவிட்டு, வடிகட்டுகிற வேலையை எல்லாம் போனுக்குள்ளேயே செய்வதுதான் சரி. அதாவது சிங்கிள் பேஜ் ஆப்.

வேர்ட்பிரஸைத் தூக்கிவிடலாமா என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அக்காவுக்குக் கை பழகிய இடம் அது. பள்ளி முடிந்து வந்து, ராத்திரி சமையலுக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதுகிறவரிடம், ‘இனிமேல் வேறு இடத்தில் எழுதுங்கள்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே எழுதுவது வேர்ட்பிரஸில், காட்டுவது ரியாக்டில் (இப்படிப்பட்ட ஆப்களைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) என்று முடிவு செய்தேன்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். வேர்ட்பிரஸை ஒரு சப்டொமைனுக்கு (முதன்மை முகவரியின் கிளை முகவரி) நகர்த்திவிட்டு, முதன்மை டொமைனில் வைட் என்ற கருவியால் கட்டிய ரியாக்ட் ஆப்பை வெறும் ஸ்டாட்டிக் ஃபைல்களாக வைத்தேன். இரண்டுக்கும் நடுவே வேர்ட்பிரஸின் ரெஸ்ட் ஏபிஐ, அதாவது பதிவுகளை வேறொரு நிரல் கேட்டு வாங்கும் வழி. 2016 டிசம்பரில் 4.7 பதிப்போடு வேர்ட்பிரஸின் மையத்துக்குள்ளேயே வந்துவிட்ட வசதி அது. தனியாகப் பிளகின் எதுவும் வேண்டாம். நெல் என்பது ஏற்கெனவே தனிப் பதிவு வகையாக இருந்தது. அதைப் பதிவு செய்யும் இடத்தில் ‘ஷோ இன் ரெஸ்ட்’ என்ற ஒரு வரியை மட்டும் ட்ரூ என்று போட்டால் பட்டியல் ஜேசனாக, அதாவது நிரல் படிக்கும் தரவு வடிவில், வந்துவிடும். போட்டேன், வந்தது.

அன்று மாலையே அக்கா போன் செய்தார். “தம்பி, எழுதுற இடமே மாறிப்போச்சே. எங்க எழுதுறதுன்னே தெரியல.”

2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்த பிளாக் எடிட்டர் இருக்கிறதே, அதுவே ரியாக்டில் எழுதிய ஆப்தான். இதே ரெஸ்ட் ஏபிஐ வழியாகத்தான் பதிவைப் படித்துச் சேமிக்கிறது. அதனால் ஒரு பதிவு வகைக்கு ரெஸ்ட் திறந்திருக்காவிட்டால் பழைய எடிட்டர் வரும். திறந்துவிட்டால் பிளாக் எடிட்டர் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் போட்ட ஒரு வரி, அக்காவின் நான்கு வருடப் பழக்கத்தை மாற்றிவிட்டது. ‘யூஸ் பிளாக் எடிட்டர் ஃபார் போஸ்ட் டைப்’ என்ற ஃபில்டரில் (வேர்ட்பிரஸின் இயல்பை மாற்ற விடும் இடம்) நெல் வகைக்கு மட்டும் ஃபால்ஸ் திருப்பி அனுப்பி, பழைய எடிட்டரைக் கொண்டுவந்தேன். ஏபிஐயும் திறந்தே இருந்தது. இதைச் செய்கிறவர்கள், எழுதுகிறவரிடம் முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது ‘வயது’. நெல் விதைத்ததிலிருந்து அறுவடை வரைக்குமான நாட்களை விவசாயிகள் வயது என்றுதான் சொல்வார்கள். அக்கா அதைக் கஸ்டம் ஃபீல்டில், அதாவது பதிவோடு சேர்க்கும் தனிப் பெட்டியில், எழுதி வைத்திருந்தார். ஒன்றில் ‘155–160 நாள்’, ஒன்றில் ‘ஐந்து மாதம்’, ஒன்றில் வெறும் ‘135’, இன்னொன்றில் ‘மண்ணைப் பொறுத்து’. படிக்கிறவருக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. வடிகட்டுகிற நிரலுக்கு மட்டும்தான் இது சிக்கல். எழுத்தைப் பிரித்து எண் எடுக்க ஒரு சின்ன நிரல் எழுதிப் பார்த்தேன். பாதிக்கு மேல் சரியாகத்தான் வந்தது. ஆனால் தவறாக வந்த ஒன்றை நம்பி ஒருவர் விதைத்துவிட்டால்? அதனால் குறைந்த வயது, கூடிய வயது என்று இரண்டு எண் ஃபீல்டுகளை உருவாக்கி, இரண்டு சாயங்காலம் அக்காவோடு உட்கார்ந்து 134 ரகங்களுக்கும் கையால் நிரப்பினோம். சந்தேகம் வந்த இடத்தில் அந்த விதையை வைத்திருக்கிறவருக்கே போன் போட்டுக் கேட்டார். முழு வேலையிலும் அதிகப் பயன் தந்த இரண்டு சாயங்காலம் அவைதான் என்று நினைக்கிறேன்.

அந்த ஃபீல்டுகள் ஜேசனில் வர மறுத்தன. அவற்றை அறிவிக்கும் ‘ரெஜிஸ்டர் போஸ்ட் மெட்டா’ வரியை எழுதி, அதிலும் ரெஸ்டைத் திறந்தும், அவை வர வேண்டிய மெட்டா பகுதியே வரவில்லை. ஒரு மணி நேரத் தேடலுக்குப் பிறகு கிடைத்தது: பதிவு வகையின் ‘சப்போர்ட்ஸ்’ பட்டியலில் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்பதும் இருக்க வேண்டும். பழைய நிரலில் அது இல்லை. சேர்த்ததும் வந்தது.

வந்ததுதான் அடுத்த பிரச்சினை. அவசரத்தில் இருந்த ஃபீல்டுகள் அத்தனைக்கும் ரெஸ்டைத் திறந்துவிட்டிருந்தேன். ரியாக்ட் பக்கத்தில் ரகத்தின் பெயர், வயது, நிலம், பருவம் மட்டும்தான் காட்டினேன். ப்ரௌசரின் நெட்வொர்க் டேபைத் திறந்து ஜேசனைப் பார்த்தபோது, விதை வைத்திருக்கிறவர்களின் செல்போன் எண்கள் ஒவ்வொரு பதிவிலும் வரிசையாக நின்றன. திரையில் காட்டாவிட்டால் போதும் என்பது தீம் (தளத்தின் தோற்றத்தைச் சர்வரில் தயாரிக்கும் நிரல்) எழுதுகிற காலத்துப் பழக்கம். அங்கே சர்வர் எதை அச்சடிக்கிறதோ அதுதான் வெளியே போகும். இங்கே ஜேசன் முழுதாகவே வெளியே போய்விடுகிறது, திரை அதில் ஒரு பகுதியைத்தான் காட்டுகிறது. நல்ல வேளை, தளம் அப்போது யாருக்கும் தெரியாத சோதனை முகவரியில் இருந்தது. அந்த நிமிடமே எண்களை மூடினேன். அப்புறம் ‘விதை வேண்டும்’ என்று ஒரு சின்னப் படிவம் வைத்தேன்; அது நானே எழுதிய ஒரு ரூட்டுக்கு (ஏபிஐயில் ஒரு முகவரி) போய், அக்காவுக்கு மெயிலாக வரும். யாருக்கு யார் எண்ணைக் கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்வார். கூடவே, பதிவு எழுதியவர்களின் பெயரை எவரும் படிக்கும்படி வேர்ட்பிரஸ் தரும் ‘யூசர்ஸ்’ முகவரியையும், லாகின் செய்யாதவர்களுக்கு அடைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அக்காவின் அடுத்த போன். “நான் முதமுதல்ல போட்ட நெல்லையே காணோமே தம்பி?”

இது எளிதான காரணம். ரெஸ்ட் ஏபிஐ ஒரு முறைக்கு இயல்பாகப் பத்துப் பதிவு தரும். கேட்டால் அதிகபட்சம் 100 வரை தரும், அதற்கு மேல் கேட்டால் பிழை. நான் 100 என்று போட்டு நிறுத்தியிருந்தேன். வரிசை புதியதிலிருந்து பழையதற்கு என்பதால், விடுபட்ட 34ம் அக்கா முதலில் எழுதியவை. அவர் மனசுக்கு நெருக்கமானவை. மொத்தம் எத்தனை பக்கம் என்பது பதிலின் ஹெடரிலேயே (பதிலோடு வரும் குறிப்புகள்) வருகிறது, அதைப் பார்த்துச் சுற்றிச் சுற்றி வாங்கலாம். நான் வேறு வழி எடுத்தேன். பட்டியலுக்குத் தேவையான ஏழெட்டு விவரங்களை மட்டும் 134க்கும் சேர்த்து ஒரே பதிலாகத் தரும் தனி ரூட்டை எழுதி, அதன் விளைவை டிரான்சியன்டில் (வேர்ட்பிரஸின் தற்காலிகச் சேமிப்பு) சேமித்து, எந்த நெல் பதிவைச் சேமித்தாலும் அது அழிந்து புதிதாக உருவாகும்படி செய்தேன். கட்டுரையின் முழு உள்ளடக்கம் பட்டியலுக்கு வேண்டாம். ஒருவர் தட்டித் திறக்கும்போது வந்தால் போதும்.

அந்தப் பதிலின் அளவைப் பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. பிஎச்பி, ஜேசன் எழுதும்போது ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை இயல்பாக ஒரு சாய்கோடு, ஒரு எழுத்து, நான்கு இலக்கம் என ஆறு பைட்டாக மாற்றி எழுதும். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு மூன்றே பைட். தமிழ் நிறைந்த ஜேசன் இரட்டிப்பாகிறது. ஜிசிப் செய்து (சுருக்கி) அனுப்பும்போது வித்தியாசம் குறைந்துவிடும் என்றாலும், சர்வர் கேஷில் (எடுத்து வைத்த நகலில்) இருப்பதும் போன் விரித்துப் படிப்பதும் பெரியதைத்தான். ‘ரெஸ்ட் ஜேசன் என்கோட் ஆப்ஷன்ஸ்’ ஃபில்டரில் யூனிகோடை அப்படியே விடச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு ஜேசனைத் திறந்தால் தமிழ் தமிழாகவே தெரிகிறது. பிழை தேடும்போது அதுவே பெரிய நிம்மதி.

தலைப்புகளில் ‘–’ என்று தெரிந்ததும் ஒன்று. ‘கருப்பு கவுனி - விதைப்பு’ என்று அக்கா போட்டால், நடுவில் இருக்கும் சிறுகோட்டை வேர்ட்பிரஸ் நீள்கோடாக மாற்றி எச்டிஎம்எல் குறியீடாகத் தருகிறது. ரியாக்ட் எழுத்தை எழுத்தாகவே அச்சடிக்கும். தலைப்பை ஒரு தடவை டிகோட் செய்து (குறியீட்டைத் திரும்ப எழுத்தாக்கி) வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

தமிழில் தளம் செய்கிற எவரும் ஒரு நாள் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் ஸ்லக். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

வேர்ட்பிரஸ் பதிவின் தலைப்பிலிருந்து முகவரித் துண்டு (ஸ்லக்) ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. தமிழ்த் தலைப்பு என்றால் அதை அப்படியே சேமிப்பதில்லை. ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக, மூன்று இடத்தில் எழுதுகிறது. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட், ஆக ஒன்பது இடம். டேட்டாபேஸில் அந்தப் பத்தியின் நீளமோ 200. 200ஐ ஒன்பதால் வகுத்தால் 22 குறியீடுதான் தேறும். அதிலும் ‘ப்பி’ என்பது நம் கண்ணுக்கு இரண்டெழுத்து, கணினிக்கு ப, புள்ளி, ப, இகரக் குறி என நான்கு.

‘மாப்பிள்ளை சம்பா நாற்றங்கால் தயாரிப்பு’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை பத்துக் குறியீடு, 90 இடம். இடையில் ஒரு கோடு. சம்பா ஐந்து, 45 இடம். இன்னொரு கோடு. இதற்குள் 137 ஆகிவிட்டது. மீதி 63இல் ஏழு குறியீடுதான் போகும். எனவே முகவரி ‘மாப்பிள்ளை-சம்பா-நாற்றங்’ என்று அறுந்து நிற்கும். அக்கா அடுத்து ‘மாப்பிள்ளை சம்பா நாற்றங்கால் பூச்சித் தாக்குதல்’ என்று ஒன்று எழுதியிருந்தார். அதுவும் அதே இடத்தில்தான் அறுகிறது. இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது என்று வேர்ட்பிரஸ் இரண்டாவதற்கு ‘-2’ சேர்க்கிறது; அதற்கு இடம் வேண்டும் என்று இன்னொரு குறியீட்டை வெட்டுகிறது. வெட்டுப்பட்டது ங்-இன் புள்ளி. ‘நாற்றங-2’ என்று முகவரி. இரண்டும் வேலை செய்யும்தான். ஆனால் எது எது என்று முகவரியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

ரியாக்ட் பக்கத்தில் வேறொரு சிக்கல் சேர்ந்துகொண்டது. ஏபிஐ ஸ்லக்கைச் சதவீதக் குறிகளோடு தருகிறது. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று பார்க்கும் ரியாக்ட் ரௌட்டரோ அந்த முகவரியை டிகோட் செய்து தமிழாகத் தருகிறது. ஏற்கெனவே இறக்கிய பட்டியலில் இந்த ஸ்லக் இருக்கிறதா என்று தேடினால் ஒருபோதும் கிடைக்காது. சரி, ரௌட்டர் தந்ததைத் திரும்ப என்கோட் செய்து ஒப்பிடலாம் என்றால், ப்ரௌசர் பெரிய எழுத்தில் என்கோட் செய்கிறது, வேர்ட்பிரஸ் சின்ன எழுத்தில் வைத்திருக்கிறது. அப்போதும் பொருந்தாது. ஏபிஐயிலிருந்து உள்ளே வரும் வாசலிலேயே ஸ்லக்கை டிகோட் செய்துவிட வேண்டும். ஆப்புக்குள் எங்கேயும் சதவீதக் குறி நுழையக் கூடாது. இதுதான் நான் கண்ட ஒழுங்கு.

ஆனாலும் வாட்ஸ்அப்பில் பகிரும்போது அந்த முகவரி அரைப் பக்கத்துக்குக் குறியீடாக நீண்டு வரும். இதற்கு வழி சொன்னது நானல்ல, விதைப் பைகள். குழுவில் ஒவ்வொரு ரகத்தின் பையிலும் ‘நெ 47’ என்பது போல ஒரு எண் எழுதி வைப்பார்கள். ஒரே ரகத்துக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும், எண் மாறாது. அக்கா கேட்டார், “அந்த நம்பரையே விலாசமா வச்சா என்ன தம்பி?” அதைவிட நல்ல யோசனை எனக்கு வந்திருக்காது. நெல் என்ற சொல்லும் பை எண்ணும் ஆங்கில எழுத்தில், அவ்வளவுதான் முகவரி. பையில் ஒட்டுகிற க்யூஆர் கோடும் சின்னதாக, தெளிவாக வந்தது.

தேடுபெட்டியிலும் தமிழுக்கே உரிய ஒரு முடிச்சு இருந்தது. ‘கொட்டாரச் சம்பா’ என்று தேடினால் ஒருவர் போனில் கிடைக்கும், இன்னொருவர் போனில் கிடைக்காது. யூனிகோடில் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பட்டியலில் உள்ள பெயர்களையும் தட்டச்சிட்ட சொல்லையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிய (நார்மலைஸ்) பிறகே ஒப்பிட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் ஒரே ஒரு அழைப்பு.

இவ்வளவும் சரிசெய்து, சப்டொமைன் அமைப்பிலேயே வெளியிட்டோம். அந்த வாரத்தில்தான் இரண்டாகப் பிரித்தது தவறு என்று எனக்குப் புரிந்தது.

முதல் நாளே சிலருக்குப் பட்டியல் வரவில்லை. கன்சோலில் கார்ஸ் பிழை, அதாவது வேறு டொமைனிலிருந்து தரவு வாங்க ப்ரௌசர் போட்ட தடை. வேர்ட்பிரஸ் எந்தத் தளம் கேட்கிறதோ அந்தத் தளத்தின் பெயரையே அனுமதி ஹெடரில் எழுதித் திருப்பி அனுப்பும். ஆகவே பிரச்சினை இருக்கக் கூடாது. ஆனால் சர்வரில் இருந்த ஒரு கேஷ், ஏபிஐ பதிலை ஹெடரோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. கேட்டவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று வேர்ட்பிரஸ் ‘வேரி’ ஹெடரில் சொல்லியும் அந்தக் கேஷ் கண்டுகொள்ளவில்லை. முதலில் கேட்டது என் மடிக்கணினி, வைட்டின் 5173 போர்ட்டிலிருந்து. அதனால் ஊருக்கே ‘லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் அனுமதி’ என்ற பதில் போய்க்கொண்டிருந்தது. என் கணினியில் எல்லாம் சரியாகத் தெரிந்ததற்கும் அதுவே காரணம்.

பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் 404 (பக்கம் இல்லை) வந்ததை, தெரியாத முகவரிகளையெல்லாம் இன்டெக்ஸ் ஃபைலுக்கே அனுப்பும் வழக்கமான விதியால் தீர்த்தேன். ஆனால் அதன் பிறகு, இல்லாத ரகத்தின் முகவரிக்கும் சர்வர் ‘200, எல்லாம் சரி’ என்றே பதில் சொன்னது. நான்கு வருடமாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த பழைய தமிழ் முகவரிகள் எல்லாம் வெறும் பக்கத்தில் போய் நின்றன. புதிதாக யாராவது ஒரு ரகத்தைப் பகிர்ந்தால், படமும் தலைப்பும் வராமல் எல்லாவற்றுக்கும் தளத்தின் பெயர் மட்டுமே வந்தது. வாட்ஸ்அப் பக்கத்தை எட்டிப் பார்க்கும்போது ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்ப்பதில்லை. கடைசியாக அக்கா, ‘முன்னோட்டம்’ பொத்தானை அழுத்தினால் பழைய தீமில் வேறு மாதிரித் தெரிகிறது, இல்லை ஒன்றுமே தெரிவதில்லை என்றார். எழுதுகிறவர் தான் எழுதியதைப் பார்க்க முடியாமல் வெளியிட வேண்டியிருந்தது. இதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மருந்து உண்டு. முன்கூட்டியே எச்டிஎம்எல் தயாரித்து வைக்கலாம், ரியாக்டைச் சர்வரிலேயே ஓட்டத் தனியாக நோட் சர்வர் வைக்கலாம், முன்னோட்டத்துக்கு டோக்கன் அமைக்கலாம். பெரிய குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் இந்தப் பட்டியலை உற்றுப் பாருங்கள். முகவரி, 404, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு அனுப்புவது, தலைப்பு, பகிர்வுப் படம், முன்னோட்டம்: எல்லாமே வேர்ட்பிரஸ் ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருந்த வேலைகள். அதன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, நானே அரைகுறையாகத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனி, ஞாயிறு உட்கார்ந்து இரண்டையும் ஒரே டொமைனுக்குக் கொண்டுவந்தேன். ரியாக்ட் ஆப்பை வேர்ட்பிரஸ் தீமாகவே ஆக்கிவிட்டேன். தீமில் ஒரே ஒரு இன்டெக்ஸ் ஃபைல், முப்பது வரிகூட இருக்காது. மேலே வேர்ட்பிரஸின் ஹெட் அழைப்பு, நடுவில் ரியாக்ட் வந்து உட்காரும் வெற்றுப் பெட்டி, அதற்குக் கீழே ‘இப்போது திறந்திருக்கும் பதிவு’ ஜேசனாக ஒரு ஸ்கிரிப்ட் துண்டில், கடைசியில் ஃபுட்டர் அழைப்பு. ரியாக்ட் எழுந்ததும் அந்த ஜேசனைப் படித்து முதல் பக்கத்தை உடனே காட்டும். அதற்குப் பிறகு தட்டுகிற எல்லாம் ரெஸ்ட் ஏபிஐ வழி. ஜேசனை ஸ்கிரிப்ட்டுக்குள் வைக்கும்போது கோணக் குறிகளை எஸ்கேப் செய்யும் ஹெக்ஸ் டேக் ஆப்ஷனைப் போட மறக்காதீர்கள். கட்டுரைக்குள் யாராவது ஸ்கிரிப்டை மூடும் குறியை எழுதிவிட்டால் பக்கமே உடைந்துவிடும்.

ஃபைல் பெயர்களில் வைட் ஒவ்வொரு பில்டிலும் ஹாஷ் (உள்ளடக்கத்தைப் பொறுத்து மாறும் எழுத்துக் கோவை) சேர்க்கும். எந்தப் பெயர் இப்போதைக்குச் சரி என்று தீமுக்குத் தெரிய வேண்டும். பில்ட் அமைப்பில் மேனிஃபெஸ்டை இயக்கிவிட்டால் ஒரு ஜேசனில் பெயர்களை எழுதித் தரும்; தீம் அதைப் படித்துச் சரியான ஃபைலைச் சேர்க்கிறது. பழைய பில்டை உடனே அழிக்காமல் இரண்டு வாரம் வைத்திருக்கிறேன். நேற்றுத் திறந்து வைத்த பக்கத்தை இன்று தட்டுகிறவருக்கு, அவருடைய பழைய ஃபைல் கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரைதான் வரும்.

மாற்றிய பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். இல்லாத முகவரிக்கு 404 தானாக வந்தது, ஏனென்றால் நெல் பதிவு எது உண்டு, எது இல்லை என்று வேர்ட்பிரஸுக்குத் தெரியும். பதிவின் ஸ்லக் மாறினால் பழையதை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்துக்கொண்டு புதியதற்கு அனுப்பும். அந்தப் பழைய தமிழ் முகவரிகள் அத்தனையும் பை எண் முகவரிக்குப் போய்ச் சேர்ந்தன, நான் ஒரு வரிகூட எழுதவில்லை. பகிர்வுப் படமும் தலைப்பும் ஹெட் பகுதியில் சர்வரிலேயே எழுதப்பட்டதால் வாட்ஸ்அப்பில் நெல்மணிகள் தெரிந்தன. ஒரே டொமைன் என்பதால் கார்ஸ் என்ற பேச்சே இல்லை. என் கணினியில் வேலை செய்யும்போதும் வைட்டின் ப்ராக்ஸி வழியாகச் சோதனை வேர்ட்பிரஸுக்குப் போகிறேன். அக்கா லாகின் செய்திருப்பதால் முன்னோட்டம் அழுத்தினால் வரைவுப் பதிவே ஸ்கிரிப்ட் துண்டில் வந்து, ரியாக்ட் அதை வெளியானது போலவே காட்டுகிறது.

‘ஒப்பிடு’ என்று ஆப்புக்குள் மட்டும் இருந்த ஒரு பக்கம் 404 ஆனது. அதே பெயரில் வேர்ட்பிரஸில் வெறும் பக்கம் ஒன்றை உருவாக்கியதும் சரியாகிவிட்டது. பதிவு வகையின் அமைப்பை மாற்றியவுடன் எல்லா நெல் பக்கமும் 404 ஆனால் பதற வேண்டாம். அமைப்புகளில் பெர்மாலிங்க் (முகவரி அமைப்பு) பக்கத்தைத் திறந்து ஒரு தடவை சேமித்தால் போதும்.

அப்புறம் வயலில் சோதித்தோம். குழுவில் மூத்த ஐயா ஒருவர், பழைய ஆண்ட்ராய்டு போன். மேட்டு நிலம், 120 நாளுக்குள் என்று வடிகட்டினார், பட்டியலில் பாதி வரை இறங்கிப் போய் ஒன்றைத் திறந்தார், படித்தார், பின்னால் போகும் பொத்தானை அழுத்தினார். “எல்லாம் மறுபடி முதல்லேர்ந்து வருதே தம்பி, நான் போட்டதெல்லாம் எங்க போச்சு?” வடிகட்டித் தேர்ந்ததை நான் ரியாக்டின் ஸ்டேட்டில், அதாவது ஆப்பின் தற்காலிக நினைவில், மட்டும் வைத்திருந்தேன். அதை முகவரியின் வினாக்குறிக்குப் பின்னால் மாற்றினேன். பின்னால் போனாலும் அப்படியே இருக்கும். வடிகட்டிய பட்டியலையே ஒருவருக்கு அனுப்பவும் முடியும். ஸ்க்ரோல் இருந்த இடத்தையும் ரௌட்டரின் வசதியைக் கொண்டே மீட்டுவிட்டேன்.

அறுவடைத் தேதியைக் காட்டும் இடத்திலும் ஐயாதான் திருத்தினார். நான் ‘ஜனவரி 15 முதல் 20’ என்று காட்டியிருந்தேன். “தை முதல் வாரம்னு போடுப்பா.” தமிழ் மாதங்கள் தொடங்கும் ஆங்கிலத் தேதிகளை ஒரு சின்ன அட்டவணையாக வைத்து, முதல் வாரம், நடு, கடைசி என்று சொல்லும்படி மாற்றினேன். வருடத்துக்கு வருடம் ஒரு நாள் முன்பின் ஆகும். அறுவடைக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆங்கிலத் தேதியும் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. சிக்னலே இல்லாத இடத்திலும் பட்டியல் திறக்க வேண்டும்; அதற்குச் சர்வீஸ் வொர்க்கர் (ப்ரௌசரின் பின்னணியில் ஓடி, இறக்கியதைச் சேமித்துத் தரும் நிரல்) எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டியல் ஒரே பதிலாக வருவதால் அதைப் போனில் வைத்துக்கொள்வது எளிது, படங்களைத்தான் எத்தனை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் 135ஆவது ரகம் ஏறியிருக்கிறது. அக்காவிடமிருந்து போன் எதுவும் வரவில்லை. தளத்தைத் திறந்தபோதுதான் பார்த்தேன். வயது 130–135, மேட்டு நிலம், பை எண் நெ 135, கதிர் முற்றிய வயலில் எடுத்த இரண்டு படங்கள்.